பெருவெடிப்பைத் தூக்கிலிட வேண்டாம்: கேலக்ஸி கேள்வி-பதில்

கே: முதல் கேலக்ஸி எப்போது உருவானது?

ப: 'இதுதான் முதல்' என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. நிறமாலை (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பட்டை) எடுத்து உறுதி செய்தவற்றில் மிகப் பழையவை, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டு வாக்கில் இருந்தவை. அவற்றில் ஒன்றில் ஆக்சிஜன்கூடத் தெரிகிறது. ஆக்சிஜன் விண்மீனுக்குள் உருவாவது. அப்படியென்றால் அதற்கும் முன்பே விண்மீன்கள் பிறந்து, வெடித்து, கணக்கை முடித்திருக்கின்றன.

கே: கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) இல்லாவிட்டால் கேலக்ஸியே இருக்காதா?

ப: இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. முதல் 3.8 லட்சம் ஆண்டுகள் சாதாரணப் பொருளை ஒளி திரளவே விடவில்லை. கரும்பொருளுக்கும் ஒளிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது முன்கூட்டியே ஆங்காங்கே குவியத் தொடங்கிவிட்டது. வாயு பிறகுதான் அந்தக் குவியல்களுக்குள் போய் விழுந்தது. விழுந்தால் மட்டும் போதாது, குளிரவும் வேண்டும். அப்புறம்தான் விண்மீன்.

கே: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்பையே பொய்யாக்கிவிட்டதாமே?

ப: கேள்வியோடு ஒரு படம் மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். எந்தக் கேலக்ஸி, யார் அளந்தது, ஒரு விவரமும் இல்லை. 2022-ல் வெப் வேலையைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. சரி, இந்த முறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வெப் படங்களில் தெரிந்த சியர்ஸ்-93316 என்ற சிவந்த புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சில வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களில் அதன் நிறத்தை வைத்து, செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு; அது கூடினால் அவ்வளவு பழைய ஒளி) 16-க்கு மேல் என்று 2022-ல் மதிப்பிட்டார்கள். அதாவது பெருவெடிப்புக்குப் பின் வெறும் 24 கோடி ஆண்டு. அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பிரகாசமா என்று ஒரே பரபரப்பு. அடுத்த ஆண்டு நிறமாலை வந்தது: செம்பெயர்ச்சி 4.9. 24 கோடி ஆண்டு 120 கோடி ஆண்டாகிவிட்டது. தூசி அதைச் சிவக்க வைத்திருந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழ்ந்த பிரகாசமான வரிகள் சரியாக அந்த வடிகட்டிகளில் விழுந்து, தொலைதூரக் கேலக்ஸி போலவே வேஷம் காட்டியிருந்தன. ஆய்வாளர்கள் மேல் தப்பில்லை. இப்படி நடக்கலாம் என்று எச்சரித்தவர்களும் அவர்களில் உண்டு. இன்னும் உறுதியாகாத வேட்பாளரை வெற்றியாளராக அறிவித்தது தலைப்புச் செய்திதான்.

அதற்காக எல்லாமே புரளி என்றும் சொல்லிவிடாதீர்கள். அதே அளவீட்டில் இன்னொரு கேலக்ஸி செம்பெயர்ச்சி 11.4 என உறுதியானது. ஆரம்பகாலக் கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருப்பதும் உண்மை. ஆனால் சிக்கல் இருப்பது, வாயு எவ்வளவு வேகமாக விண்மீனாகிறது என்ற கணக்கில். பெருவெடிப்புக்கு அண்டப் பின்புலக் கதிர்வீச்சு (ஆரம்ப அண்டத்தின் மிச்ச ஒளி), ஹீலியத்தின் அளவு என்று தனிச் சான்றுகள் இருக்கின்றன. அவற்றை இந்தப் புள்ளிகள் தொடவே இல்லை.

கே: செம்பெயர்ச்சி 25-ல் ஒரு கேலக்ஸி சிக்கியிருக்கிறதாமே?

ப: நிறமாலை வந்ததா?

கே: நீள்வட்டக் கேலக்ஸி நாளடைவில் சுருளாக மாறுமா?

ப: கேலக்ஸிகளை உருவத்தின்படி வகைப்படுத்திக் காட்டும் ஹபிளின் இசைக்கவை வரைபடத்தை வயது வரிசையாகப் படித்திருக்கிறீர்கள். அது உருவ வரிசை மட்டுமே. பெரிய சுருள்கள் இரண்டு மோதி நீள்வட்டமாவதுதான் அதிகம்.

கே: நம் பால்வெளியும் பக்கத்துக் கேலக்ஸி ஆண்ட்ரோமெடாவும் என்றைக்கு மோதும்? சூரியனுக்கு ஆபத்தா?

ப: 400 கோடி ஆண்டில் நிச்சயம் என்று 2012-ல் கணக்குப் போட்டார்கள். பால்வெளியைச் சுற்றும் சிறு கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தின் இழுப்பையும் சேர்த்து 2025-ல் மறுபடி போட்டபோது, அடுத்த 1,000 கோடி ஆண்டில் மோத பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வந்தது. மோதினாலும் விண்மீன்கள் முட்டிக்கொள்ளாது, நடுவில் அவ்வளவு இடைவெளி. வாயு மேகங்கள்தான் முட்டும்.

கே: நடுவிலுள்ள கருந்துளை பால்வெளியை விழுங்கிவிடுமா?

ப: விழுங்காது. அது 40 லட்சம் சூரியன் எடை. பால்வெளி ஒரு லட்சம் கோடி. கருந்துளை செய்யும் பெரிய வேலை வேறு: அசுரக் கேலக்ஸிகளில் வாயுவைச் சூடாக்கி, புது விண்மீன் பிறக்கவிடாமல் தடுப்பது.

கே: விண்மீன் பிறப்பு குறைந்துவருகிறதா?

ப: ஆமாம். உச்சம் 1,000 கோடி ஆண்டுக்கு முன்பு. இன்று அதில் பத்தில் ஒரு பங்கு. பால்வெளியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குத்தான் தேறும்.