கான்டனீஸ் தெரியாமல் கான்டனீஸ் பாட்டைப் பாட முடியுமா?

கேள்வி: ஹாங்காங் தோழியின் கல்யாணத்தில், ஈசன் சான் பாடிய ‘ஹங் ஃபுக் மோ தின் லன்’ (வாழ்க்கையின் ஏற்ற இறக்கத்தில் கைகோத்திருப்பதை ராட்சத ராட்டினமாகச் சொல்லும் பாட்டு) பாடவேண்டும். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் எனக்குத் தெரியாது. சுருதி மாறினால் சொல்லின் பொருளே மாறும் அந்த ஆறு தொனிகளை எப்படிப் பழகுவது?

பதில்: தொனிகளைத் தனியாகப் பழக வேண்டாம். கான்டனீஸ் பாப்பில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். சொல்லின் தொனி அந்த மெட்டின் ஏற்ற இறக்கத்தோடு பொருந்தும்படிதான் வரி எழுதுவார்கள். இந்தப் பாட்டுக்கு எழுதியவர் லின் ஷி. அங்கே ‘0243’ என்றே ஒரு முறை உண்டு: பூஜ்யம், இரண்டு, நான்கு, மூன்று என்பவற்றின் கான்டனீஸ் உச்சரிப்பே கீழிருந்து மேலாக நான்கு சுருதி நிலைகள். மெட்டுக்கு எண்களைப் போட்டுப் பார்த்து, பிறகு சொல்லை நிரப்புவார்கள். ஆகவே மெட்டைப் பிசகாமல் பாடினால் தொனி தானாக வந்துவிடும். சுருதியைக் கட்டையளவில் ஏற்றி இறக்கினாலும் பரவாயில்லை.

கெடுவது கமகத்தில். நம் ஆட்கள் ஆசையாக ஒரு சங்கதி போட்டால் சொல்லே மாறும். மேலை மெட்டில் பாடிய பழைய தேவாலயப் பாட்டுகளில் ‘ஆண்டவர்’ என்ற சொல் ‘பன்றி’ என்று கேட்ட கதை ஹாங்காங்கில் பிரசித்தம். ஏறுதொனிச் சொற்களில் மட்டும் பாடகர் சற்றுக் கீழிருந்து வழுக்கி ஏறுவார். அதை அப்படியே பிரதி எடுங்கள்.

உங்கள் உழைப்பு போகவேண்டிய இடம் மெய்யெழுத்துகள். தலைப்பையே எடுங்கள். ‘ஃபுக்’கை ‘ஃபுக்கு’ ஆக்காதீர்கள்; ‘பக்கம்’ சொல்லத் தொடங்கி ‘பக்’கோடு நாக்கை நிறுத்துவதுபோல, மூச்சை விடாமல் அடைக்க வேண்டும். நீண்ட ஸ்வரமானால் உயிரை இழுத்துவிட்டுக் கடைசி நொடியில் அடையுங்கள். ‘தின்’னில் வரும் த, உள்ளங்கையில் காற்று படும்படி வெடிக்கும் த. ‘லன்’னில் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘எ’ சொல்லுங்கள்.

வரிகளை யூத்பிங் முறையில் (கான்டனீஸை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) தேடுங்கள். இணையத்தில் கிடைப்பதில் நிறைய பின்யின், அதாவது சீனாவின் பொதுமொழியான மாண்டரினை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. சோதனை எளிது: ‘நான்’ என்பதற்கு ‘வோ’ என்றிருந்தால் அது மாண்டரின், ‘ஙோ’ என்றிருந்தால் கான்டனீஸ். யூத்பிங்கில் ‘ஜே’ எழுத்து ய ஒலி.

இன்னொன்று: பாட்டு பெரும்பாலும் எழுத்துமொழியில் இருக்கும். பேச்சில் ‘ம்’ என்னும் எதிர்மறை பாட்டில் ‘பத்’ ஆகும். ‘கொய்’ (அவன், அவள்) ‘தா’ ஆகும். தோழியிடம் பேச்சுவழக்கில் கேட்டு வரியைத் திருத்திவிடாதீர்கள், தாளம் உதைக்கும்.