காயாத படமும் கைத்தொலைபேசி மீனும்

வாசகர் கேள்வி: இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே தைல வர்ணத்தில் அசையாப் பொருள்களை வரைந்து வருகிறேன். மீனும் பழமும் கெட்டுவிடுவதால் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அதைப் பார்த்தே வரைகிறேன். அச்சு அசலாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கோ எதிலும் உயிர் இல்லாததுபோல் படுகிறது. லின்சீட் எண்ணெய் தீர்ந்துபோனதால் கடைசிப் படத்துக்குத் தேங்காயெண்ணெய் கலந்தேன். மூன்று மாதமாகியும் அது பிசுபிசுக்கிறது. வடக்கு யன்னல் வெளிச்சத்தில் வரையுங்கள் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். எங்கள் வடக்கு யன்னலில் வெயில் அடிக்கிறது. போட்டோ இருக்கும் காலத்தில் இந்த வேலை எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். – வாசகி, உவர்மலை, திருகோணமலை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பிசுபிசுக்கும் படத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது இனிக் காயாது. தைல வர்ணம் காய்வது, நனைந்த துணி காய்வதுபோல் ஈரம் ஆவியாகி வெளியேறுவதால் அல்ல. ஆளிவிதையிலிருந்து எடுக்கும் லின்சீட் எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உள்வாங்கி, தன்னுள் பின்னிப் பிணைந்து ஒரு படலமாக இறுகுகிறது. தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அதற்கு அப்படி இறுகும் குணம் கிடையாது. நல்லெண்ணெயையும் நம்ப வேண்டாம். லின்சீட் கிடைக்காத நாள்களில் டியூப்பிலிருந்து வரும் வர்ணத்தை எதுவும் சேர்க்காமல் அப்படியே பூசுங்கள். அதில் போதிய எண்ணெய் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பழைய படத்தின் மேல் புதிதாக ஒன்றை வரைய மட்டும் முயல வேண்டாம். அடியில் இளகியிருக்கும் படலத்தின் மேல் எதுவும் நிலைத்து நிற்காது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் ஊர் வெக்கையில் இது விளையாட்டல்ல: லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை இறுகும்போதே சூடேறித் தாமாகத் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

வடக்கு யன்னல் பற்றிய அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கு வானில் சாய்ந்தே நிற்பதால் வடக்கு யன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. வெளிச்சம் காலை முதல் மாலை வரை அதிகம் மாறாது. திருகோணமலையோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ எட்டரைப் பாகை வடக்கில்தான் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டையொட்டி நம் உச்சந்தலைக்கு நேரே வரும் சூரியன், அதன் பின் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் உங்கள் வடக்கு யன்னலில் காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழுவதில் வியப்பில்லை, யன்னலில் குற்றமுமில்லை. அப்போது தெற்கு யன்னலுக்கு மாறுங்கள், அல்லது வடக்கு யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலை வடிகட்டுங்கள். மழைமேகம் மூடிய வாடைக்காலம்தான் நமக்கு ஒல்லாந்து ஓவியர்களின் வெளிச்சத்தைத் தருகிறது; ஆனால் அப்போது கான்வஸைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். படங்களில் உயிர் இல்லை என்று உங்களுக்குப் படுவது சரியாகவே படுகிறது, காரணம் கைத்தொலைபேசி. பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் வில்லை அகலப் பார்வை கொண்டது என்பதால், பக்கத்தில் வைத்து எடுக்கும்போது முன்னால் இருக்கும் பொருள் உப்பியும் பின்னால் இருப்பது சுருங்கியும் பதிகின்றன. நிழலுக்குள் நம் கண் காணும் நிறங்கள் அதில் ஒரே கறுப்பாக அடைபட்டுவிடும். பளபளப்பு வெறும் வெள்ளையாகிவிடும். நீங்கள் அந்தப் பிழைகளையும் மிகுந்த பொறுமையோடு பிரதியெடுத்திருக்கிறீர்கள்.

அடுத்த ஒரு மாதத்துக்குக் கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை மூக்குப்பேணி (மூக்கு வைத்த குவளை) இருந்தால் அதை எடுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன வெங்காயம் போதும். ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டியின் உட்புறத்துக்குச் சாம்பல் நிறம் பூசி, அதற்குள் இரண்டையும் வைத்து, ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழச் செய்யுங்கள். இப்போது கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால், பித்தளை என்று நாம் நினைக்கும் மஞ்சள் அந்தப் பேணியில் மிகச் சிறிய இடத்தில்தான் இருக்கிறது என்பது தெரியும். யன்னலைப் பார்த்த பக்கம் நீலம் கலந்த சாம்பலாக இருக்கும்; நிழல் பக்கம் ரோ அம்பர் என்ற மண் பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற ஆழ்நீலமும் கலந்ததுபோல் இருண்டிருக்கும்; அந்த இருளின் விளிம்பில், கீழே விரித்த துணியின் வெளிச்சம் மெல்லிய கோடாகத் திரும்ப ஏறியிருக்கும். வெங்காயம் பேணியின் வயிற்றில் சிறுத்து வளைந்து, ஊதா கலந்த ஒரு சிவப்புக் கீற்றாகத் தெரியும். நான் முதன்முதலில் பித்தளை வரைந்தபோது முழுவதற்கும் யெலோ ஓக்கர் என்ற மண் மஞ்சளைப் பூசிவிட்டு, ஏன் களிமண்போல் இருக்கிறது என்று இரண்டு நாள் விழித்தேன். வெள்ளையை ஒரே ஒரு பொட்டாக, எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள்.

போதுமா, இரண்டே பொருள் என்று கேட்காதீர்கள். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வாழ்ந்து 1964 இல் மறைந்த ஜோர்ஜியோ மொராண்டி, அதே சில போத்தல்களையும் சாடிகளையும் இடம் மாற்றி வைத்து வாழ்நாளின் பெரும்பகுதியை வரைந்தே கழித்தார்.

மீனை விட வேண்டியதில்லை. நம் கடற்கரையில் பிறந்தவர் மீனை வரையாமல் எதை வரைவது? ஆனால் சூரையின் முதுகு நீலமும் கண்ணின் தெளிவும் விரைவில் மங்கிவிடும் என்பதால், உள்ளங்கை அகலப் பலகையில் முக்கால் மணி நேரத்துக்குள், ஈர வர்ணத்தின் மேலேயே ஈர வர்ணம் வைத்து முடித்துவிட்டு, மீனைச் சட்டிக்கு அனுப்பிவிடுங்கள். செதில்களை எண்ண நேரமிராது, அது நல்லதுதான். நாள்கணக்கில் உட்கார்ந்து வரைய வேண்டுமானால் கருவாடு இருக்கிறது, அது காத்திருக்கும் (பூனையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்). பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் 1728 இல் பாரிஸ் ஓவியக் கழகத்தில் சேர்ந்தபோது கொடுத்த படங்களில் ஒன்றே, வயிறு கிழித்துத் தொங்கவிட்ட ஒரு திருக்கை. அதிலும் பக்கத்தில் ஒரு பூனை நிற்கிறது.

கணவரிடம் ஸ்பானிய ஓவியர் அன்டோனியோ லோபஸ் கார்சியா 1967 இல் வரைந்த கைகழுவும் தொட்டியைக் காட்டுங்கள். குளியலறையில் நின்று குனிந்து பார்க்கும்போது தெரியும் தொட்டியையும், நிமிர்ந்து பார்க்கும்போது தெரியும் கண்ணாடியையும் அவர் ஒரே படத்தில் சேர்த்து, இரண்டு பார்வைகளும் சந்திக்கும் இடத்தை மறைக்காமல் விட்டிருக்கிறார். ஓரிடத்தில் நிற்கும் ஒற்றை வில்லை ஒரே சொடுக்கில் அப்படிப் பார்க்காது. உங்கள் கணவர் அதற்குப் பிறகும் கேட்டால், அந்த வெங்காயத்தின் முன் அவரையும் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள்.

மூக்குப்பேணிப் படத்துக்கு வார்னிஷ் பூச அவசரப்பட வேண்டாம். வர்ணத்தை மெல்லியதாகப் பூசியிருந்தாலும் ஆறு மாதமாவது காயவிடுங்கள். அதற்கு முன், படத்தின் நிழல் பக்கத்தை மட்டும் நெருங்கி எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதற்குக் கைத்தொலைபேசி போதும்.