கேள்வி பதில்: ஆளும் வேண்டும், கணக்கும் வேண்டும்

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை அறுவடைக் குத்தகை எடுத்து நடத்துகிறேன். வயது 31. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அப்பா காலத்து ஆள், அவருக்கு 58. பச்சைக் குலைகள் வெட்டப்பட்டு ஆலையில் பிடித்தம் விழுகிறது. கேட்டால், "உங்கப்பாவே என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை தம்பி" என்கிறார். ஒருநாள் காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடும் பெரட்டில் சத்தம் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. என்ன செய்ய?

பதில்: இப்போது முதலில் சரிசெய்ய வேண்டியது பெரட்டில் நடந்ததை. குலை விஷயம் அதற்குப் பிறகுதான். தனக்குக் கீழே வேலை செய்பவர்கள் பார்க்க, மகன் வயதுள்ளவரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். தனியாகக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தால் போதாது. அவமானம் எத்தனை பேர் முன்னால் நடந்ததோ, அத்தனை பேர் முன்னால்தான் அது தீரும். அடுத்த பெரட்டில் இரண்டே வரி சொல்லுங்கள்: "அன்னிக்கு அண்ணனை இங்கே வச்சுப் பேசினது தப்பு. குலை விஷயத்தை நானும் அவரும் பேசிக்கிறோம்." அதோடு நிறுத்துங்கள். "ஆனாலும்..." என்று ஆரம்பித்தால் சொன்னது அத்தனையும் வீண்.

குலை விஷயத்தை மாலையில், லோரி கிளம்பிய பிறகு பேசுங்கள். ஆபீசுக்கு வரச்சொல்லாதீர்கள். குலை ஏற்றும் இடத்துக்கு நீங்களே போங்கள், ஆலை கொடுத்த தரச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். முதல் வார்த்தை கேள்வியாக இருக்கட்டும்: "பச்சைக் குலை ஏன் அண்ணே வருது?" அவரிடம் பதில் இருக்கும். பல இடங்களில் காரணம் அலட்சியம் இல்லை. ஆள் பற்றாக்குறையால் 10, 14 நாளில் முடிய வேண்டிய அறுவடைச் சுற்று 20 நாளைத் தாண்டும்போது, அடுத்த முறை வருவதற்குள் அழுகிவிடுமே என்று பழுக்காததையும் சேர்த்து வெட்டுகிறார்கள். டன் கணக்கில் கூலி கொடுத்தால் எந்தக் குலையும் அவர்களுக்குக் காசுதான். இந்த இரண்டில் ஒன்று காரணமென்றால், மாற வேண்டியது உங்கள் ஏற்பாடு. அதை அவர் வாயாலேயே கேட்பது நல்லது.

பிறகு அளவுகோலை இருவருமாக முடிவு செய்யுங்கள். "நல்லாப் பழுத்ததை வெட்டுங்க" என்பதில் ஆளாளுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதிப்படி, பழுத்த குலையில் பழம் உதிர்ந்த புதுக் குழிகள் குறைந்தது 10 இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கலாம் என்பதால் சண்டைக்கு இடமில்லை. ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியவர் மண்டோர். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

அப்பா பேச்சு மறுபடி வந்தால் வாதாட வேண்டாம். "அப்பாவுக்கு உங்க மேல இருந்த நம்பிக்கை எனக்கும் இருக்கு அண்ணே. அதனாலதான் சீட்டை முதல்ல உங்ககிட்ட கொண்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். இரண்டு சுற்று பொறுத்துப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால், தரம் பார்க்கும் பொறுப்பு இன்ன தேதியிலிருந்து இன்னாரிடம் போகிறது என்று அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றவர் வாயிலாக அவர் காதுக்கு அது போகவே கூடாது.

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதித்தான் பாதி வியாபாரம். பாக்கி ஏறியதும் ஆட்கள் கடைப் பக்கமே வருவதில்லை, பக்கத்துக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்கள். கேட்டால் உறவு கெடுகிறது, கேட்காவிட்டால் பணம் போகிறது.

பதில்: அவர்கள் வராததற்குப் பெரும்பாலும் வெட்கம்தான் காரணம். மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த வெட்கம் போகாது. அதனால் மொத்தத்தைக் கேட்காதீர்கள்.

பழைய பாக்கிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். "இது 380 வெள்ளி. மாசம் 40 கொடுங்க. இனிமே வாங்குறது ரொக்கமா இருக்கட்டும், கடைக்கு வாங்க" என்று சொல்லுங்கள். கடையில் தலைகாட்ட அவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரரிடம் 8, 9 தேதிகளில் கேளுங்கள். 25-ஆம் தேதி கேட்டால் கிடைப்பது மனக்கசப்பு மட்டும்தான்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். முட்டை வாங்க வந்த பிள்ளையிடம் "அப்பாவை வரச் சொல்லு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பிள்ளை அதை வீட்டில் எப்படிச் சொல்லும், அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வாடிக்கையாளர் நிற்கும்போதும் வேண்டாம். கோயில் வாசலில் வேண்டவே வேண்டாம்.

தகராறு வருவது பெரும்பாலும் தொகையால் அல்ல, "நான் இதை வாங்கவே இல்லையே" என்பதால்தான். ஒவ்வொரு முறையும் பொருள், தொகை, மொத்தப் பாக்கி மூன்றையும் அவர் கண்ணெதிரே எழுதிப் படித்துக் காட்டுங்கள். அவரிடமும் ஒரு புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: லூனாசில் பட்டறை நடத்துகிறேன், எட்டுப் பேர் வேலை. தீபாவளிக்கு ஒருவர் இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்கிறார். நல்ல தொழிலாளி. எப்படி மறுப்பது?

பதில்: விதியைக் காட்டி மறுக்கலாம், அப்போது அது உங்கள் மனக்கணக்காகத் தெரியாது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி முன்பணம் முந்தைய மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. வீடு, வாகனம், மருத்துவம், கல்வி போன்ற சில தேவைகளுக்கு விலக்கு உண்டு, தீபாவளிச் செலவு அதில் வராது. வட்டி வாங்கக்கூடாது. ஒரு மாதப் பிடித்தம் மொத்தமாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

ஆனால் "முடியாது" என்று முடிக்காமல், முடிந்ததைச் சொல்லுங்கள்: "1,200 தரலாம், ஆறு மாசம் 200 பிடிக்கிறேன்." எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இவருக்குக் கொடுத்தது மறுநாளே மற்ற ஏழு பேருக்கும் தெரிந்துவிடும். எனவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே வரம்பை, தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே அறிவித்துவிடுங்கள். பதிலை மட்டும் இழுத்தடிக்காதீர்கள். "பார்க்கலாம்" என்று அனுப்பினால் அவர் கிடைக்கும் என்று நம்பித் துணிமணி எடுத்துவிடுவார்.

கேள்வி: மூன்று கிளைகள். எல்லா உத்தரவும் வாட்சாப் குழுவில்தான். "சரி" என்று போடுகிறார்கள், வேலை நடப்பதில்லை.

பதில்: நேரம், எண்ணிக்கை, முகவரி இவற்றுக்கு வாட்சாப் போதும். பழக்கத்தை மாற்றச் சொல்வதற்கும் கண்டிப்பதற்கும் அது ஆகாது. "சரி" என்றால் பார்த்துவிட்டேன் என்றுதான் பொருள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கிளைக்கும் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். "பசியாறியாச்சா?" என்று தொடங்குங்கள். சொன்ன வேலையை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், எங்கே புரியவில்லை என்பது அப்போதே தெரியும். பெரிய தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய் நேரில் பேசித்தான் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். உங்களுக்கு மூன்று கிளைகள்தானே, போய் வாருங்கள்.

கேள்வி: தொழிலாளர் வீட்டு விசேஷங்களுக்கு எல்லாம் போக முடியவில்லை. எதை விடலாம்?

பதில்: கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எதற்கும் ஆள் அனுப்பலாம். சாவு வீட்டுக்கு நீங்களே போங்கள், உடலை எடுப்பதற்கு முன் போங்கள். பணம் கொடுப்பதென்றால் மண்டோர் வீடோ கூட்டுகிறவர் வீடோ, தொகை ஒன்றாக இருக்கட்டும். விடுப்பு எத்தனை நாள் என்பதை அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள். அதை நினைத்துத்தான் அவர் தவித்துக்கொண்டிருப்பார்.