சைக்கிள் கேள்வி - பதில்: எழும்ப மறுக்கும் சீற்

கேள்வி: லீவரை அமத்தினால் சீற்றோடு இறங்கி ஏறும் சீற் தண்டான ட்றொப்பர் போஸ்ற்றை என் மவுண்டன் பைக்கில் பூட்டி எட்டு மாதம். இப்போது அரைவாசியில் நின்று மெல்ல மெல்லத்தான் எழும்புகிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?
*- வாசகர், ஒட்டுசுட்டான்*

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் போஸ்ற்றை பிறேமோடு இறுக்கும் கிளாம்பைப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் வெளிக்குழாய் நெரிந்து, உள்ளே ஓடும் குழாயைப் பிடித்துவிடும். பெரும்பாலானவற்றுக்கு 5 நியூற்றன் மீற்றர் இறுக்கம் போதும். அளக்கும் கருவி இல்லாவிட்டால் கால் சுற்றுத் தளர்த்தி லீவரை அமத்துங்கள். பட்டென்று எழும்பினால் பிழை அங்கேதான். தளர்த்தியபின் போஸ்ற் பிறேமுக்குள் வழுக்கினால் பிடிமானம் தரும் கார்பன் பேஸ்ற் பூசுங்கள், திரும்பவும் இறுக்க வேண்டாம்.

அடுத்தது கேபிள். போஸ்ற்றை வெளியே எடுத்து, அடியிலுள்ள கேபிளைக் கழற்றிவிட்டு, அது இழுக்கும் நெம்பைக் கையால் தள்ளிப் பாருங்கள். வேகமாக எழும்பினால் போஸ்ற்றில் குறையில்லை. கேபிளையும் உறையையும் மாற்றினால் சரி. பெரும்பாலும் சாதாரண கியர் கேபிளே பொருந்தும்.

இரண்டும் சரியென்றால் புழுதி. சோளகம் அடிக்கும் மாதங்களில் நம் கிரவல் வீதிகளில் ஓடிய போஸ்ற்றின் கொலரை (வெளிக்குழாயின் வாயிலுள்ள வளையத்தை) கழற்றி மேலே தள்ளினால், புழுதி தடுக்கும் றப்பர் வளையத்தை (சீல்) சுற்றிச் செம்மண்ணும் கிறீஸும் குழைந்து குங்குமக் குழம்புபோல ஒட்டியிருக்கும். பஞ்சு படாத துணியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மெல்லிய படையாக சிலிக்கோன் கிறீஸ் பூசுங்கள். டபிள்யூ.டி. 40 அடிக்க வேண்டாம்: இருக்கிற கிறீஸையும் கரைத்துப் புழுதியை உள்ளே கொண்டுபோகும். உட்குழாயை முழுதாக இழுத்தெடுக்கவும் வேண்டாம். சீற் பக்கவாட்டில் திரும்பாமல் தடுக்கும் சிறு பித்தளைத் துண்டுகள் சிதறிவிடும். கோடையில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

கேள்வி: என் ட்றொப்பர் போஸ்ற்றில் ஏறி இருந்தால் சீற் இரண்டு சென்ரிமீற்றர் ஸ்பொஞ்ச் மாதிரி அமிழ்கிறது. ஏன்?
*- வாசகி, மாங்குளம்*

பதில்: போஸ்ற்றின் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜின் (சீற்றை எழுப்பும், எண்ணெயும் காற்றும் அடைத்த உருளையின்) எண்ணெய்ப் பக்கத்துக்குக் காற்றுப் போய்விட்டது. எண்ணெய் நசியாது, காற்று நசியும். அதுதான் அந்த அமிழ்வு. சீற் இறங்கியிருக்கும்போது அதைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்குவது இதற்கு முக்கிய காரணம். லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றும்போது கை தன்னாலே சீற்றுக்குத்தான் போகும். சீற்றை முழுதாக எழுப்பிவிட்டு, பிறேமில் பிடித்துத் தூக்குங்கள். மூடிய கார்ட்ரிட்ஜ் என்றால் அதை மட்டும் மாற்றலாம். உள்ளே அழுத்தம் இருப்பதால் யாரிடமும் கொடுத்துத் துளைக்கவோ வெட்டவோ விடாதீர்கள், ஆபத்து.

கேள்வி: கனடாவிலிருந்து மச்சான் வருகிறார். விலைக்கழிவில் ட்றொப்பர் போஸ்ற் ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா?
*- வாசகர், கிளிநொச்சி*

பதில்: தாராளமாக. அங்கே ஓடும் பருவம் முடிகிற செப்ரெம்பர் முதல் நவம்பர் வரை, போன வருட மொடல்களின் விலை விழும். ஆனால் போஸ்ற் இறங்கும் பிறேம் குழாயான சீற் குழாயின் உள்விட்டத்தை வேணியர் இடுக்கிமானியால் அளக்காமல் சொல்லியனுப்பாதீர்கள். 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. என்பவை வழக்கமான அளவுகள். 30.9 போஸ்ற்றை 31.6 குழாயில் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய உறை) வைத்துப் பூட்டலாம், மறுபக்கமாக முடியாது. கேபிள் உள்ளே போகப் பிறேமில் துளை உண்டா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வெளிக்கேபிள் மொடல்தான் கேட்க வேண்டும். மலிவாகத் தெரியும் பலவற்றில் லீவர் சேர்ந்து வராது, அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

நீண்ட போஸ்ற் என்று ஆசைப்பட வேண்டாம். சீற் குழாய்க்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று அளந்து, 125 அல்லது 150 மி.மீ. ஓட்டமுள்ளதை (சீற் ஏறி இறங்கும் தூரம்) தெரிவு செய்யுங்கள். வன்னியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் லீவர் உள்ள, றொக்ஷொக்ஸ் கொம்பனியின் பழைய றிவேர்ப் வகையைவிடக் கேபிள் வகையையே நாங்கள் சொல்வோம்: காற்றெடுக்கும் கருவித் தொகுதியோ அதற்குரிய எண்ணெயோ தேடி அலைய வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜ் தனியாக விற்கப்படும் மொடலா என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்றால், கழிவில் மிஞ்சும் காசுக்கு உதிரி கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் மச்சானின் பையிலேயே போட்டுவிடலாம்.