கட்டில் வரும்வரை எங்கே படுப்பது?

கேள்வி: வீடு மாறும்போது பழைய கட்டிலையும் மெத்தையையும் கொடுத்துவிட்டோம். புதுசு வர ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை சமாளிக்க, இரண்டு பேர் படுக்கிற காற்று மெத்தை ஒன்று வாங்கினோம். ராத்திரி எவ்வளவு இறுக்கமாக ஊதி வைத்தாலும் விடியற்காலையில் நடுவில் குழி விழுந்து, நானும் கணவரும் அதற்குள் உருண்டு கிடக்கிறோம். போர்வைக்கு மேல் போர்வை போட்டாலும் முதுகு சில்லிடுகிறது. தினமும் இடுப்பு வலியோடுதான் எழுந்திருக்கிறேன். “கொஞ்ச நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்கிறார் கணவர். இதற்கிடையில் முழங்கால் வலி உள்ள என் அம்மா அடுத்த வாரம் வந்து பத்து நாள் தங்கப் போகிறார். படுக்க என்று பார்த்தால், கூடத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றுதான் மிச்சம். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

பதில்: அம்மா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதற்குத்தான் நாள் குறைவு. சோபா அவருக்கு. “நான் கீழேயே படுத்துக்கிறேன், எனக்கென்ன” என்று அவர் சொல்லத்தான் சொல்வார். கேட்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே எப்படியோ படுத்துவிடுவார்கள். எழுந்திருப்பதில்தான் சிக்கல். தரையிலிருந்து எழ வேண்டுமென்றால் முழங்காலை முழுக்க மடக்கி, உடம்பின் எடையை அதன்மேல் ஏற்றியாக வேண்டும். காற்று மெத்தையில் இன்னும் மோசம், எழுவதற்குக் கை ஊன்றினால் ஊன்றிய இடமே உள்ளே போய்விடும்.

அவர் வருவதற்கு முன்னால் அந்த சோபாவில் ஒரு ராத்திரி நீங்கள் படுத்துப் பாருங்கள். பகலில் ஐந்து நிமிடம் சாய்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்வு மெத்தைகளைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், புரண்டு படுக்க இடம் கிடைக்கும். உட்காரும் பகுதி தொய்ந்திருந்தால் திண்டுகளுக்கு அடியில் ஒரு பிளைவுட் பலகையை வையுங்கள். தொய்வு போகும், உயரமும் கொஞ்சம் கூடும். அந்த உயரம் முக்கியம். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பாதம் தரையில் பதிந்திருக்கும்போது, இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தால் சிரமமில்லாமல் எழுந்துவிடலாம். கால் நீட்ட நீளம் போதவில்லையா? அதே உயரத்தில் ஒரு ஸ்டூலோ பெட்டியோ கால்மாட்டில் போட்டு, மேலே மடித்த போர்வையை விரியுங்கள். ஒரு பக்கக் கைப்பிடியாவது எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும், அதைப் பிடித்துத்தான் அவர் எழுவார்.

பாதி ராத்திரியில் பாத்ரூம் போக எழுந்தால் சட்டென்று நடக்க வேண்டாம், ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள் என்று சொல்லி வையுங்கள். வயதானவர்களுக்குப் படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கித் தலைசுற்றுவது உண்டு. போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வீடு மாறிய புதிது என்கிறீர்கள், பிரிக்காத அட்டைப்பெட்டிகள் அந்த வழியில்தான் அடுக்கியிருக்கும். அவற்றை ஓரம் கட்டுங்கள். சார்ஜர் வயரையும்தான்.

சரி, இனி உங்கள் காற்று மெத்தை. ஓட்டை விழுந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். புது வினைல் முதல் சில ராத்திரிகளில் இழுபட்டு விரிந்து கொடுக்கும், அதனால் காற்று போனது போலத் தோன்றும். அப்புறம், காற்று குளிர்ந்தால் சுருங்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஊதிய மெத்தை விடியற்காலையில் 22 டிகிரிக்கு வந்தால் உள்ளே இருக்கும் காற்று கிட்டத்தட்ட 3 சதவீதம் சுருங்கிவிடும். மெத்தை தளர அது போதும். எனவே சாயங்காலம் ஊதியதோடு விட்டுவிடாமல், படுக்கப் போகும்போது இன்னொரு முறை ஊதிச் சரிசெய்யுங்கள். ஒரு வாரம் கழித்தும் இறங்கினால், சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டு முதலில் வால்வைச் சுற்றித் தடவுங்கள், பிறகு தையல் ஓரங்களில். குமிழி வரும் இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, காற்றை இறக்கியபின் ஒட்டுப் போடுங்கள்.

இறுக்கமாக ஊதினால் நல்லது என்று நினைப்பதும் சரியல்ல. ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும், ஆனால் தரை தட்டக்கூடாது. அந்த அளவுதான் உங்களுக்கு. கணவரின் எடை வேறு, அவருக்கான அளவும் வேறு. குழிக்குக் காரணமே அதுதான். இரண்டு பேர் மெத்தைகள் பலவற்றில் காற்று ஒரே அறைக்குள் சுற்றி வரும். கனமானவர் பக்கம் அமுங்கினால் மற்றவர் பக்கம் எழும்பி, அவரை இந்தப் பக்கம் உருட்டிவிடும். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் தூக்கிப் போடப்படுவார். என்ன ஊதினாலும் இது தீராது. ஒருவர் படுக்கிற மெத்தை இரண்டாக மாற்றிக்கொள்வதுதான் வழி. தெரிந்தவர்களிடம் ஒன்று இரவல் கிடைத்தாலும் போதும். பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரே பெரிய விரிப்பால் இறுக்கிவிட்டால் சேர்ந்தே படுக்கலாம், உருளாமல்.

குளிருக்கு நீங்கள் மேலே போர்வை சேர்க்கிறீர்கள், குளிர் கீழிருந்து வருகிறது. உடம்புச் சூட்டை மெத்தைக்குள் இருக்கும் காற்று வாங்கி வாங்கித் தரைக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். அதனால் மேலே போட்ட இரண்டாவது போர்வையை எடுத்து மடித்து முதுகுக்கு அடியில் விரியுங்கள். உடற்பயிற்சிக்கு விரிக்கும் ஃபோம் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது, உடம்பு எடையில் அது போர்வை அளவுக்கு அமுங்காது. மெத்தைக்கும் படுக்கை விரிப்புக்கும் நடுவில் அதைப் போடுங்கள். மெத்தைக்குக் கீழேயும் பழைய போர்வை ஒன்று கிடந்தால் தரையில் உராய்ந்து கீறாது, புரளும்போது கிறீச்சென்ற சத்தமும் குறையும்.

கைக்குழந்தை உள்ளவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் இடையில் ஒன்று: குழந்தையைக் காற்று மெத்தையில் போடவே கூடாது. முகம் அமுங்கி மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. குழந்தையை அணைத்தபடி சோபாவில் தூங்குவதும் அதே அளவுக்கு ஆபத்து.

இடுப்பு வலிக்கு, ஒருக்களித்துப் படுப்பவராக இருந்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்து படுத்தால் அது முழங்காலுக்கு அடியில் போகட்டும். எழும்போது நேராக முதுகைத் தூக்காமல், ஒரு பக்கம் திரும்பி, கை ஊன்றி, ஒரு முழங்காலில் நின்று, பக்கத்தில் போட்ட நாற்காலியைப் பிடித்து எழுந்திருங்கள். எழுந்து நடமாடிய கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டால் அது படுக்கைக் கோளாறாகத்தான் இருக்கும். கால் மரத்துப்போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ கட்டிலுக்காகக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கணவரோடு வாக்குவாதம் வேண்டாம். ஆறு வாரம் என்பது 42 ராத்திரி என்று மட்டும் சொல்லுங்கள். அதில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி மேலே சொன்னதையெல்லாம் இருவரும் சேர்ந்து செய்துவிட்டால், மிச்ச நாளுக்கு யாரும் யாரையும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்ல வேண்டியிருக்காது. தற்காலிகம் என்பதாலேயே எதையும் ஒழுங்கு செய்யாமல் விட்டுவிடுகிறோம், அந்த அலட்சியம்தான் இடுப்பைப் பிடிக்கிறது.

இன்னொன்று. தாமதம் கட்டிலுக்கா, மெத்தைக்கா என்று கடையில் கேட்டீர்களா? பெரும்பாலும் மரவேலைக்குத்தான் நாளாகும். மெத்தை தயாராக இருந்தால் அதை மட்டும் முன்னால் அனுப்பச் சொல்லுங்கள். சுருட்டி வரும் ஃபோம் மெத்தை பிரித்ததும் முழு உயரத்துக்கு எழும்ப ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அவ்வளவுதான். கட்டில் வரும்வரை அதைத் தரையில் போட்டுப் படுக்கலாம், பகலில் அப்படியே விட்டுவிடாத வரை. ராத்திரி வியர்வையிலும் மூச்சிலும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு டம்ளர் நீர் வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி மெத்தைக்குள் இறங்கி, அடியில் காற்றுப் படாமல் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி, அடிப்பக்கம் அறையைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். தரையில் போட்டுப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று சில மெத்தைகளுக்கு நிபந்தனை இருக்கும், பிரிப்பதற்கு முன்னால் அந்த அட்டையைப் படித்துவிடுங்கள்.