கிராஃபிக் அட்வென்சர் என்பதன் எல்லை எது?

"கிராஃபிக் அட்வென்சர் என்பதும் பாயின்ட் அண்ட் கிளிக் என்பதும் ஒன்றுதானா? இவ்வகை விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதி வைக்க விரும்புகிறவர் எவற்றைப் பதிவு செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளாக இவற்றைப் பற்றிக் குறிப்பேடு எழுதி வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. பாயின்ட் அண்ட் கிளிக் என்பது திரையில் தெரிவதைச் சுட்டியால் (மவுஸால்) காட்டிச் சொடுக்கி விளையாட்டைக் கையாளும் முறை. கிராஃபிக் அட்வென்சர் என்பது கணினி விளையாட்டுகளில் ஒரு வகை. கையாளும் முறை பலமுறை மாறியும் வகை மாறவில்லை.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு தெளிவு தேவை. 'சாகச விளையாட்டு' என்று தமிழாக்கினால் வாசகர் வாள்வீச்சையும் தாவிக் குதிப்பதையும் எதிர்பார்ப்பார். ஆனால் அட்வென்சர் என்ற இந்தப் பெயர் அச்சொல்லின் பொருளிலிருந்து வரவில்லை. குகை ஆய்வில் ஈடுபாடு கொண்டிருந்த வில் கிரவுதர், கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதியை அடிப்படையாக வைத்து 1970களின் நடுவில் ஒரு நிரல் எழுதினார். 1977இல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் நடந்த அந்த விளையாட்டின் பெயர் அட்வென்சர். அதைப் பின்பற்றி வந்தவை அதன் பெயரையே வகைப்பெயராகப் பெற்றன. ஆகவே நான் சொல்லை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன்.

1980இல் ஆப்பிள் II கணினிக்காக ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் உருவாக்கிய மிஸ்டரி ஹவுஸ், ஒவ்வோர் அறையையும் எளிய கோட்டோவியமாகத் திரையில் காட்டியது. வினைச்சொல்லையும் பெயர்ச்சொல்லையும் தட்டச்சு செய்துதான் அதை ஆட வேண்டும். 1984இல் அவர்களுடைய சியரா நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட் விளையாட்டில், நாயகன் படத்துக்குள்ளேயே நடந்து மரத்தின் பின்னால் மறைந்து வெளிவந்தான். அப்போதும் கட்டளைகளைத் தட்டச்சுதான் செய்தார்கள். லூகாஸ்ஃபில்ம் கேம்ஸ் 1987இல் வெளியிட்ட மேனியாக் மேன்ஷன்தான் 'திற', 'எடு', 'கொடு' போன்ற வினைகளைத் திரையின் அடியில் அடுக்கித் தேர்ந்தெடுக்கும் முறையைப் பரவலாக்கியது. இன்னும் நல்ல சான்று ஜப்பானில் இருக்கிறது. யூஜி ஹோரி உருவாக்கிய போர்ட்டோபியா கொலை வழக்கு விளையாட்டு 1983இல் கணினியில் தட்டச்சு முறையில் வந்தது. 1985இல் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவியில், பட்டியலிலிருந்து கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் வந்தது. கையாளும் முறையை வைத்து வகை பிரித்தால், ஒரே கொலை வழக்கை இரண்டு வகைகளில் வைக்க நேரிடும்.

எனவே என் வரையறை இது: படமாகக் காட்டப்படும் ஓர் உலகத்தில், கதையின் வழியில் நிற்கும் தடைகளை அங்குள்ள இடங்களையும் பொருள்களையும் மனிதர்களின் பேச்சையும் கவனித்து, யோசித்து நீக்குவதே ஆடுபவரின் முதன்மையான வேலையாக இருக்க வேண்டும், கைவேகம் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. அட்டாரி வீட்டு விளையாட்டுக் கருவிக்காக வாரன் ராபினெட் உருவாக்கி 1980இல் வெளிவந்த விளையாட்டுக்கும் அட்வென்சர் என்றுதான் பெயர். ஆனால் அங்கே டிராகன்களிடமிருந்து விலகி ஓட வேண்டும் என்பதால் அது இந்த எல்லைக்கு வெளியே போகிறது. மாறாக, 1993இல் வெளிவந்த மிஸ்ட் விளையாட்டில் வினைப்பட்டியல் இல்லை, பொருள் சேகரிப்பு ஏறக்குறைய இல்லை, உரையாடலும் அரிது. ஆனாலும் அது உள்ளே இருக்கிறது. சுட்டியையே கைவிட்ட 1998ஆம் ஆண்டின் கிரிம் ஃபாண்டாங்கோவும் உள்ளேதான்.

விஷுவல் நாவல்களை நான் தனியே வைக்கிறேன். அவற்றில் வாசிப்பும் தேர்வும்தான் ஆட்டத்தை நடத்துகின்றன. இந்தக் கோடு மெல்லியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரு பக்கமும் கால் வைத்து நிற்கும் விளையாட்டுகளுக்கு இரண்டு பெயர்களையும் எழுதுவதே நேர்மை.

ஆவணப்படுத்துவதில் பலர் தவறவிடுவது பதிப்பு வேறுபாடு. பிரையன் மோரியார்ட்டியின் லூம் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நெசவுக் கோலில் சுரங்களை வாசித்து மந்திரங்களைச் செய்ய வேண்டும், வினைச்சொற்களே கிடையாது. 1990ஆம் ஆண்டின் பெட்டிக்குள், கதைக்கு முந்தைய நிகழ்ச்சிகளைச் சொல்லும் ஒலி நாடகம் ஒன்று கேசட்டாக இருந்தது. வட்டை மட்டும் பாதுகாத்தவரிடம் கதையின் தொடக்கம் இல்லை. பின்னர் குரலோடு வந்த சிடி பதிப்பில் உரையாடல்களைச் சுருக்கிவிட்டார்கள். நான் சிடி பதிப்பை மட்டும் ஆடிவிட்டு அதன் உரையாடல்களை மூலப் பதிப்புடையவை என்று எழுதி, பிறகு அந்தக் குறிப்பு முழுவதையும் திருத்த வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எந்தக் கணினி, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்பதை எழுதாமல் ஒரு வரியும் மேற்கோள் காட்டுவதில்லை.

காகிதமும் ஆவணம்தான். 1990இல் வந்த மங்கி ஐலண்ட் தொடங்கும்போது, ஒரு கடற்கொள்ளையனின் முகத்தைக் காட்டி அவன் தூக்கிலிடப்பட்ட ஆண்டைக் கேட்கும். பெட்டியிலுள்ள சுழலும் அட்டைத் தகட்டில் முகத்தின் இரு பாதிகளைப் பொருத்தினால்தான் விடை தெரியும். நகலெடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. தகடு தொலைந்தால் முறையாக வாங்கியவருக்கும் கதவு திறக்காது. அந்த அட்டையைப் படமெடுத்து வைப்பது விளையாட்டைப் பாதுகாப்பதன் ஒரு பகுதி.

ஆடிப் பார்க்க, பழைய விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் இயக்கும் ஸ்கம்விஎம் என்ற நிரல் பெரிதும் உதவுகிறது. மேனியாக் மேன்ஷனுக்காக எழுதப்பட்ட ஸ்கம் முறை, விளையாட்டின் தரவையும் அதை இயக்கும் நிரலையும் தனித்தனியே வைத்திருந்தது. அதனால் 2001இல் தன்னார்வலர்கள் இயக்கும் நிரலை மட்டும் ஸ்கம்விஎம் என்ற பெயரில் புதிதாக எழுதத் தொடங்கி, பழைய தரவை இன்றைய கணினிகளில் ஓடவிட்டார்கள். நுட்பத்தைப் பற்றி எழுதும்போது இந்தப் பிரிப்பை விளக்க மறக்காதீர்கள்.

மூல நிரல் கிடைத்தால் பழைய நம்பிக்கைகளே மாறக்கூடும். கிரவுதர் எழுதியது வெறும் குகை நடை, மாயங்களைச் சேர்த்தவர் உட்ஸ் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 2005இல், ஸ்டான்ஃபோர்டில் உட்ஸ் வைத்திருந்த கணக்கின் பழைய காப்பு நகலிலிருந்து கிரவுதரின் நிரல் மீட்கப்பட்டது. அதை ஆராய்ந்து டென்னிஸ் ஜெர்ஸ் 2007இல் வெளியிட்ட கட்டுரை, குள்ளர்களும் மந்திரச் சொல்லும் கிரவுதரின் நிரலிலேயே இருந்ததைக் காட்டியது. அந்தக் குகையையும் ஜெர்ஸ் நேரில் சென்று பார்த்து, நிரலிலுள்ள அறைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்.