ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் கேட்பதில்லை

கேள்வி: எனக்கு வயது 32. இரண்டு வருடமாக வயிற்று வலி. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிறு கலக்கி, டாய்லெட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. சில நாட்கள் அப்படியே தலைகீழாக மலச்சிக்கல், உப்புசம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாமே நார்மல். ‘ஐபிஎஸ்’ (Irritable Bowel Syndrome, எரிச்சல் குடல் நோய்) என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்கிறார்கள். மீட்டிங் நடுவே எழுந்து போவதால் அலுவலகத்தில் பொறுப்பில்லாதவள் என்று பெயர். இது நிஜமான நோய்தானா? இதையெல்லாம் யாரிடம், எப்படிச் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: நிஜமான நோய்தான். ரிப்போர்ட் நார்மல் என்றால் குடலில் புண்ணோ கட்டியோ தென்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் குடலின் அமைப்பு நன்றாகவே இருக்கிறது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்புத் தொடர்பில்தான் சிக்கல். மற்றவர்கள் உணரக்கூட மாட்டாத கொஞ்சம் வாயு உங்களுக்கு வலியாகத் தெரிகிறது. சாப்பிட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான்; உங்களுக்கு அது அளவு மீறிப் போகிறது. அசைவு வேகமானால் பேதி, மந்தமானால் மலச்சிக்கல். கடுமையான கிருமித் தொற்றால் வயிற்றுப்போக்கு வந்து போனபின் சிலருக்கு இது தொடங்குவதும் உண்டு.

டாக்டர் வேறு எதுவும் கிடைக்காமல் இந்தப் பெயரைச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். இதற்கு வரையறை இருக்கிறது. இதுபோன்ற குடல் தொந்தரவுகளைக் கண்டறிய நிபுணர்கள் வகுத்து 2016-இல் வெளியான ‘ரோம் 4’ விதிகளின்படி, தொந்தரவு தொடங்கிக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும்; கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வலி வந்திருக்க வேண்டும்; அந்த வலியோடு மலம் கழிப்பதிலும் மாற்றம் தெரிய வேண்டும்.

வீட்டில் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு உறுத்துகிறது. பதற்றம் வந்தால் வயிறு மோசமாகும், சரி. அதற்காக வலி பிரமையாகிவிடுமா? ஒற்றைத் தலைவலிக்கும் ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, டென்ஷனில் அதுவும் கூடும். அதைப் பிரமை என்று உங்கள் வீட்டில் சொல்வார்களா, கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, அதிகம் கிண்டல் செய்பவரையே கூட அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து முறை சொல்லி ஏறாதது டாக்டர் ஒரு முறை சொன்னால் ஏறிவிடும். அநியாயம்தான், ஆனாலும் வேலை நடக்கும்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரி ஒருவரிடம் சொன்னால் போதும். அதையும் வயிறு கலக்கும் நேரத்தில் சொல்லாமல், நிதானமான ஒரு நாளில் சொல்லுங்கள். “எனக்கு நீண்ட நாளாகக் குடல் பிரச்சினை இருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறேன். சில சமயம் மீட்டிங் நடுவே எழுந்து போக வேண்டியிருக்கும், ஐந்து பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன். கதவோரம் உட்கார்ந்து கொள்கிறேன்.” இதற்கு மேல் விவரம் கேட்டால், “டாக்டர் கடிதம் தருகிறேன்” என்று முடித்துக்கொள்ளுங்கள். கேட்காமலே எழுந்து போகலாம் என்று தெரிந்துவிட்டால், அவசரம் வருவதே சிலருக்குக் குறைகிறது. ‘இப்போது வந்துவிடுமோ’ என்ற பயமே குடலை முடுக்கிவிடும் என்பதால்தான் இது. ஏப்ரல் மாதத்தை ஐபிஎஸ் விழிப்புணர்வு மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தச் சமயத்தில் வரும் ஒரு கட்டுரையை உங்கள் தோழிகளுக்கு அனுப்பிவிட்டு, “எனக்கு இருப்பது இதுதான்” என்று எழுதுங்கள்.

சாப்பாட்டில் பலரும் செய்யும் தவறு, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கடைசியில் சாப்பிட எதுவுமே இல்லாமல் போவது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘குறைந்த ஃபாட்மேப்’ (FODMAP, சரியாகச் செரிக்காமல் குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகள்) முறையில்கூட, வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் போன்றவற்றை 2 முதல் 6 வாரம் வரைதான் விலக்குகிறார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க வேண்டும். உணவியல் நிபுணர் துணையில்லாமல் இதில் இறங்காதீர்கள். நார்ச்சத்து என்று தவிட்டை அள்ளிப் போட்டால் உப்புசம் கூடும். இசப்கோல் போன்ற கரையும் நார் பரவாயில்லை, அதையும் கொஞ்சமாகத் தொடங்குங்கள். டாக்டர் குறைந்த அளவில் மனச்சோர்வு மாத்திரை எழுதினால், ‘இவரும் மனநோய் என்று முடிவு கட்டிவிட்டார்’ என்று கோபப்பட வேண்டாம். அந்த அளவில் அதைத் தருவது குடல் நரம்புகளின் வலியைத் தணிக்கத்தான்.

ஐபிஎஸ் புற்றுநோயாக மாறாது, குடலை அரிக்காது. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் ஏதாவது புதிதாக வந்தால், ‘நமக்குத்தான் ஐபிஎஸ் இருக்கிறதே’ என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.